கோதண்டம் ஒட்டிய பலகை

நெட்டுக்குப்பத்துக் கரையில் தோணியைக் காணோம் என்றதும் தச்சன் கோதண்டம் கரை நெடுக ஓடிப் பார்த்தான்.

உலகச் சண்டை முடிந்து நாலாம் வருஷம் அது. கழிமுகத்தில் ஆட்களை அக்கரைக்குக் கொண்டுபோய் விடும் ரகுபதியின் தோணியில், அடிப்பலகை ஒரு முழத்துக்குப் பிளந்திருந்தது. கோதண்டம் பிளவுக்குள் மரச் சிம்பு வைத்து, அது நகராமலிருக்க வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டினான். மாட்டுத் தோலிலிருந்து எடுக்கிற பசை. நாற்காலிக் காலை நாற்பது வருஷம் பிடிக்கும். தண்ணீர் பட்டாலோ கஞ்சியாய்க் கரையும். தண்ணீர் புகாதபடி அதன்மேல் குங்கிலியப் பிசின் பூசியாக வேண்டும். கைவசம் குங்கிலியம் இல்லை. வாங்கிவரத் திருவொற்றியூர் கிளம்பியபோது ரகுபதி கேட்டான்.

"இன்னா மேஸ்திரி, வேலை ஆச்சா?"

"ஒட்டிட்டேன்."

குங்கிலியம் இல்லாமல் வேலையைத் தொட்டதைச் சொல்ல வெட்கம். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

இப்போது குங்கிலியத்தோடு திரும்பியவனிடம், கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த கெங்கம்மாதான் சொன்னாள்: "பச்சையம்மாவும் இன்னும் ஆறு பொம்பளைங்களும் மீன் கூடையோட ஏறிக்கினு போனாங்கோ. இப்பதான்."

"ஐயோ, அது தாங்காது!"

அவளும் அவனுமாகக் கரையில் கிடந்த கட்டுமரத்தைத் தண்ணீரில் தள்ளினார்கள். கை கழன்றுவிடும்போல் கோதண்டம் துடுப்பு போட்டான். நடுக்கழியில் தோணி தாழ்ந்து நின்றது. பெண்கள் கூச்சலிட்டபடி கையாலும் சட்டியாலும் தண்ணீரை இறைத்தார்கள்.

"உன் வேலை இன்னா லட்சணத்துல கீது, பாருய்யா!" என்று ரகுபதி கத்தினான்.

கோதண்டம் தாவி ஏறி, தண்ணீருக்குள் துழாவினான். சிம்பு வழவழவென்று கையோடு வந்தது. எண்ணெயில் குழைத்து வாங்கிவந்த குங்கிலிய உருண்டையை வைத்து அழுத்தினான். தண்ணீர் அதைப் பிதுக்கித் தள்ளியது.

"துணி! துணி குடுங்கோ!"

பச்சையம்மா யோசிக்காமல் முந்தானையைக் கிழித்துக் கொடுத்தாள். குங்கிலியத்தை அதில் அப்பி, பிளவில் திணித்து, அதன்மேலேயே உட்கார்ந்தான்.

"இழு ரகுபதி, மணல்மேட்டுக்கு இழு!"

முழங்கால் ஆழத்தில் தோணி தரைதட்டிக் கவிழ்ந்தது. மீன் போயிற்று, ஏழு பெண்களும் எழுந்து நின்றார்கள்.

ரகுபதி தச்சன் சட்டையைப் பிடித்தான். கோதண்டம் கையை விலக்கவில்லை. "தப்பு என்னுது. ஏத்தாதேன்னு ஒரு வார்த்தை சொல்லாம பூட்டேன்."

கோதண்டமே புதுப்பலகை போட்டுத் தோணியை மிதக்கவிட்ட அன்று ரகுபதி வேறு யாரையும் ஏற்றவில்லை. கோதண்டத்தை மட்டும் உட்காரவைத்து நடுக்கழிக்குக் கொண்டுபோய், துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு அடிப்பலகையையே பார்த்திருந்தான். அது காய்ந்துதான் கிடந்தது. ஆனாலும் கரை திரும்பும்வரை அவன் அதிலிருந்து கண்ணை எடுக்கவேயில்லை.