இடைவெளி இல்லாமல்

அருந்ததி கணவனின் வாயில் அரிசி போடக் குனிந்தபோது, பின்னால் நின்ற பஞ்சலிங்கத்தின் சட்டைப்பையில் போன் அலறியது. அதை நிறுத்திவைக்கக்கூட அந்த மனுசனுக்குத் தோன்றவில்லை. பந்தலுக்கு வெளியே போய்க் கதைத்துவிட்டு, வெட்கமில்லாமல் திரும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"தங்கச்சி, கோகுலன் மாஸ்டர் அந்தப் பெரிய பாஸ்வேர்ட்டை உம்மட்டைச் சொன்னவரோ?"

கோகுலன் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் உப அதிபர் அவர். அங்கே கணினியில் எந்த ஆசிரியருக்குக் கணக்குத் திறப்பது, அவரை எந்தக் குழுவில் சேர்ப்பது, அந்தக் குழு எந்தக் கோப்பைப் பார்க்கலாம் என்பதெல்லாம் கோகுலனின் பொறுப்பு. தவணைப் பரீட்சை வினாத்தாள் ஒன்று வெளியே போனபோது, "எல்லாத்தையும் திறக்கக்கூடியவன் இவன்தானே, வேறை ஆர் கள்ளன்?" என்று ஆசிரியர் கூட்டத்தில் எழும்பிக் கேட்டவர் இந்தப் பஞ்சலிங்கம். சாட்சி கிடையாது, விசாரணை கிடையாது. அடுத்த கிழமையே, கோகுலனுக்கு உதவியாக இருந்த ஜெசிதா ரீச்சரைக் கொண்டு கோகுலனை நிர்வாகிகள் குழுவிலிருந்து எடுத்து மாணவர் குழுவில் போடுவித்தார். தலை நரைக்கும்வரை படிப்பித்தவனும் ஆறாம் வகுப்புப் பிள்ளையும் ஒன்று. அன்று வந்தவன் சோற்றைத் தொடவில்லை. முந்தநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் விழுந்தான்.

அதோடு விட்டாரா? நேற்று, "கோகுலன்ரை குழுவை அழிச்சு விடும்" என்று ஜெசிதாவிடம் சொல்லியிருக்கிறார். அவர் நினைத்தது கோகுலனின் பெயரை. சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஜெசிதா, கோகுலன் உருவாக்கிய நிர்வாகிகள் குழுவையே அழித்துவிட்டாள். அவளுடைய உரிமையும் அதற்குள்தான் இருந்தது. இப்போது யாருக்கும் எதுவும் திறக்காது. ஆபத்துக்கென்று கோகுலன் வைத்திருந்த ஒரே கணக்குத்தான் மிச்சம். பரீட்சைப் புள்ளிகளை வலயக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்ப இன்று பின்னேரம் கடைசி.

"பிள்ளையளின்ரை விசயம், தங்கச்சி."

"என்ரை பிள்ளையும் உங்கைதான் நிக்கிறாள்." தகப்பனின் காலடியில் நின்ற கோபிகாவைக் காட்டினாள். "அவளின்ரை அப்பா கள்ளனில்லை எண்டு இந்தச் சனத்துக்கு முன்னாலை ஒருக்காச் சொல்லுங்கோ. தாறன்."

"செத்த வீட்டிலை உந்தக் கதை ஏன்? அது முடிஞ்ச விசயம்."

"அவர்தான் முடிஞ்சார். விசயம் முடியேல்லை."

பஞ்சலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கோகுலனின் தமையன் முருகேசு பல்லைக் கடித்தார். "சவத்தை வைச்சுக்கொண்டு என்ன கொழுவல்? குடுத்துத் துலை பிள்ளை."

அருந்ததி பஞ்சலிங்கத்தைப் பார்த்தாள். இந்த மனுசன் செத்தாலும் சொல்லமாட்டார். அந்தக் கூட்டம் முடிந்த அன்று கோகுலன் தன் கணக்குக்கும் அந்த ஆபத்துக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல்லாக மாற்றிவிட்டு வந்து, "இனி நான் ஒவ்வொரு நாளும் காலமை இதைத்தான் அடிக்கப்போறன்" என்று சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. அதுதான் அவள் கண்ட கடைசிச் சிரிப்பு.

"சரி, போனை எடுங்கோ" என்றாள். பிறகு அவரது காதோடு அதைச் சொன்னாள். "இங்கிலிஸ் எழுத்திலை. இடைவெளி இல்லாமல்."

பஞ்சலிங்கத்தின் முகம் கறுத்தது. ஆனால் மறுமுனையில் ஜெசிதா காத்திருந்தாள். பறை முழங்க, பாடையைத் தூக்கினார்கள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு மெல்லச் சொல்லிப் பார்த்தார். ஜெசிதாவுக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொன்னார், அதுவும் கேட்கவில்லை.

பாடை படலையைத் தாண்டியது. பெண்கள் அதற்கப்பால் போவதில்லை. அருந்ததி கோபிகாவின் கையைப் பிடித்தபடி படலையடியில் நின்றாள். ஒழுங்கையில், சனத்துக்கு நடுவில், பஞ்சலிங்கம் ஒரு காதைப் பொத்திக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார்.

"நான் கள்ளனில்லை! ஓம் ரீச்சர், நான் கள்ளனில்லை! கேக்குதே? நான் கள்ளனில்லை!"

பறை அடித்தவர்கள் கையை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள். பாடைக்கு முன்னால் போன முருகேசுவும் திரும்பினார்.

"ஏனம்மா சேர் கத்துறார்?" என்றாள் கோபிகா.

அருந்ததி படலையைச் சாத்திக் கொளுக்கியைப் போட்டாள்.