சாய்தளத்தருகே நின்ற கார்

உலகெங்கும் வாழும் தமிழ்ப் பெருமக்களுக்கு இத்தால் அறியத் தருவது: ஸ்டுட்கார்ட் நகருக்கு வெளியே, ஓடைக்கரையிலுள்ள எங்கள் நாலு மாடிக் கட்டடத்தில், மாற்றுத்திறனாளிகளின் உரிமையை நிலைநாட்டும் வரலாற்றுப் போரொன்று நடைபெற்றது. போராளி சிவகுருநாதனாகிய நான். ஆயுதம் மூன்று பக்க முறைப்பாட்டுக் கடிதம். எதிரி மூன்றாம் மாடி அரவிந்த்தின் மின்சாரக் கார்.

அரவிந்த் கோயம்புத்தூர்ப் பொடியன்; கணினி வேலை. என் மகள் கம்சனாவின் சக்கர நாற்காலி இறங்கும் சாய்தளத்துக்குப் பக்கத்தில், முதலாம் மாடியிலிருக்கும் எங்கள் பல்கனிக்கு நேர் கீழே காரை விடுவான். நாற்காலி போவதற்குத் தாராளமாக இடம் இருந்தது. ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதல்லவா? காரை நிலக்கீழ்த் தரிப்பிடத்துக்கு மாற்றும்படி கட்டட நிர்வாகத்துக்கு எழுதினேன். 'மனித மாண்பு' ஐந்து இடத்தில் வந்தது. கம்சனாவிடம் மட்டும் கேட்கவில்லை. அவளுக்காகத்தானே எழுதுகிறேன், அவளை எதற்குக் கேட்பது?

அவளுக்குப் பத்தொன்பது வயது. தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு விலகும் நோய். வலக்கையில் இரண்டு விரலும், வாயும் இன்னும் விலகவில்லை. மூச்சுக்கு ஒரு முகமூடியும் சின்ன இயந்திரமும்.

ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஓடை எங்களைத் தேடி வந்தது. நிலக்கீழ்த் தரிப்பிடம் நிரம்பியது. அங்கிருந்த மின்பெட்டியும் மூழ்கியது. மூச்சு இயந்திரம் பற்றரிக்கு மாறி ஒருமுறை கீச்சிட்டது. தீயணைப்புப் படைக்குப் போன் அடித்தேன். வீதியெல்லாம் தண்ணீர், வந்து சேர நாலு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். பற்றரியில் இருந்தது இரண்டு மணித்தியாலம். இரண்டாவது பற்றரிக்குக் கொடுத்த அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எட்டு மாதமாகக் காப்புறுதிக்காரரின் மேசையில் நித்திரை.

எங்கள் தமிழ்ச் சங்கங்களுக்கு அடித்தேன். சங்கம் மூன்று, தலைவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் ஆழ்ந்த கவலை தெரிவித்தார்கள். என் மனைவி கலாதேவி மகளின் பாதங்களைப் பிடித்தபடி நிலத்தில் இருந்தாள்.

"அப்பா, போனை வையுங்கோ." கம்சனா மூச்செடுத்து மூச்செடுத்துச் சொன்னாள். "அரவிந்த் அண்ணா வாறார். ஸ்டேஷனில இருந்து... நடந்து."

"அவன் வந்து என்ன செய்யிறது?"

"காரில இருந்து கரண்ட் எடுக்கலாம். மாசியில நாங்கள் ரெண்டு பேரும் செய்து பாத்தனாங்கள். அங்க விட்டாத்தான்... வயர் பல்கனிக்கு எட்டும். நான்தான் விடச் சொன்னனான்."

"என்னட்டை ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா கூட்டம் வைப்பியள்."

கலாதேவி சிரித்துவிட்டாள். அழுதபடிதான்.

பற்றரி பதினெட்டு வீதத்தில் நின்றபோது அரவிந்த் வந்தான். இடுப்புவரை சேறு, ஒரு சப்பாத்தைக் காணவில்லை. கார் நின்ற மேட்டுக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றிருந்தது. "அங்கிள், பிடிங்க!" என்று வயரை எறிந்தான். மூன்றாம் தரம்தான் பிடித்தேன். செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. கம்சனாவின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பத்தொன்பது வருடமாக ஏறி இறங்குகிற நெஞ்சுதான்.

"ஃபுல் சார்ஜ் இருக்கு அங்கிள். இந்த மெஷின் கம்மியாத்தான் எடுக்கும், ரெண்டு மூணு நாள் தாராளமா ஓடும். டீ கிடைக்குமா?"

கலாதேவி அதே வயரில் கேத்தலையும் கொழுவினாள். தேத்தண்ணியோடு நான் இறங்கிப் போனேன். படியில் ஒரு நன்றியுரை தயாராகியிருந்தது. அவனுடைய வெறுங்காலைக் கண்டதும் அது எங்கேயோ போய்விட்டது.

"சீனி காணுமோ, தம்பி?"

"போதும் அங்கிள்." ஒரு மிடறு குடித்தான். "உங்க லெட்டர் காப்பி எனக்கும் வந்துச்சு. சூப்பர் ஜெர்மன் அங்கிள்."

மேலே பல்கனிக் கதவுக்குப் பின்னால் கம்சனாவின் இயந்திரம் சீராக ஊதிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இரண்டு பேரும் காரில் சாய்ந்து நின்றோம்.

புதன்கிழமை மின்சாரம் வந்தது. வியாழன் முழுவதும், அரவிந்த்துக்குப் போர்த்தும் பொன்னாடை என்ன நிறம் என்று யோசித்ததில் முறைப்பாட்டை மீளப் பெற மறந்துபோனேன். வெள்ளிக்கிழமை, வெள்ளத்துக்கு முன்னர் தேதியிட்ட கடிதமொன்று கட்டட நிர்வாகத்திடமிருந்து வந்தது. பதினான்கு நாளுக்குள் காரை அங்கிருந்து அகற்ற வேண்டும்.

நான் வென்றுவிட்டேன்.