கழுத்து எந்தப் பக்கம்

"சுத்தியலைத் தொடாதே சின்னு. கையால தள்ளினாலே உக்காரும்."

அறைக்குள்ளிருந்து அப்பாவின் குரல் வந்தபோது சின்னு சுத்தியலை ஏற்கெனவே ஓங்கியிருந்தாள். கீழே வைத்தாள். சாப்பாட்டு மேசைமேல் பழைய செய்தித்தாள்களை விரித்து, காரின் கியர்பாக்ஸைப் பிரித்துப் பரப்பியிருந்தார்கள். அந்த வீட்டில் யாரும் மேசையில் சாப்பிட்டுப் பல வாரம் ஆகிவிட்டது. தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டார்கள். அம்மா முதலில் கத்திப் பார்த்தாள், பிறகு முணுமுணுத்தாள், கடைசியில் எண்ணெய் வாடைக்குப் பழகிப்போனாள்.

படுத்த படுக்கையாகக் கிடக்கிற மனிதருக்கு கியர்பாக்ஸ் ஒரு கவலையா என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் கேட்டார்கள். அப்பாவுக்கு அது ஒன்றுதான் கவலை. அந்தக் காரில் மூன்றாவது கியர் நிற்காது. மேட்டில் ஏறும்போது நழுவி வெளியே வந்துவிடும். ஒரு கையால் கியர் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வண்டியைத் திருப்பி, வருடக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். ஓய்வு பெற்றதும் முதல் வேலை இதுதான் என்று ஒற்றைக் காலில் நின்றார். ஒரு ஜாக்கி, ஒரு பலகை, சின்னுவின் தோள் எல்லாவற்றையும் வைத்து இறக்கினார், பிரித்தார், தேய்ந்த கியருக்குப் பதிலாகப் புதியதை வாங்கி வைத்தார். திரும்பப் பூட்டுவதற்குள் நுரையீரல் கைவிரித்துவிட்டது.

ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பலாம் என்று சொன்னவர்களை அவர் பார்த்த பார்வையில் அப்புறம் யாரும் வாயைத் திறக்கவில்லை. "சின்னு பூட்டுவா" என்றார். சின்னு என்றால் சின்ன மகள். பல் செட் செய்கிறவள். பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, மேல் பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே முட்டுகின்றன, எங்கே உரசுகின்றன என்று கண்டுபிடித்து இழைப்பது அவளுக்குப் பிழைப்பு. இரும்புப் பல்லானால் என்ன, பல் பல்தான் என்று அவளும் துணிந்து உட்கார்ந்துவிட்டாள். அந்தத் துணிச்சல் வீண் போகவில்லை. பேரிங்குகள் உட்கார்ந்துவிட்டன, பித்தளை வளையங்கள் புதிதாக ஏறிவிட்டன.

ஒரே சிக்கல், அப்பாவுக்கு மேசை தெரியாது. மூச்சுக்கு வைத்திருந்த மெஷினின் ஒயர் குட்டை. பிளக் இருந்த சுவரோரம் கட்டிலைப் போட்டதில் தலைமாடு ஹால் பக்கமாகவும் கால்மாடு எதிர்ச்சுவர் பக்கமாகவும் அமைந்துவிட்டது. கழுத்தைத் திருப்பித் திருப்பி அவர் இருமுவதைப் பொறுக்காமல் அம்மாதான் அலங்கார மேசையின் கண்ணாடியைக் கழற்றி வந்து கால்மாட்டில் நிறுத்தினாள். கதவைத் திறந்து வைத்தால், படுத்தபடியே சின்னுவின் முதுகையும் அவள் கைகளையும் அவர் பார்க்கலாம். அன்றிலிருந்து கியர்பாக்ஸுக்கு மேற்பார்வை கண்ணாடி வழியாகத்தான்.

இப்போது அவள் கையில் இருந்தது ஹப். மூன்றாவது கியருக்கும் நாலாவது கியருக்கும் நடுவில் உட்கார்ந்து, கம்பியைத் தள்ளும்போது இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும் சக்கரம். அதற்கு ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கழுத்து நீண்டிருக்கும். தலைகீழாகப் போட்டுவிட்டால் அத்தனையும் வீண்; மூன்றாவது கியர் பழையபடி நழுவும், இல்லை, விழவே விழாது. சின்னு ஹப்பை ஜன்னல் வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாள். தட்டையான பக்கத்தில் மட்டும் வட்டமாக ஒரு பளபளப்பு. கழற்றிப் போட்ட பழைய மூன்றாவது கியரின் முகத்திலும் அதே அகலத்தில் பளபளப்பு. இரண்டும் இத்தனை வருடம் ஒன்றையொன்று உரசியிருக்கின்றன. மூன்றாவது கியர் இருப்பது வலது பக்கம்; ஆகவே தட்டை அதைப் பார்க்க, கழுத்து அவளுக்கு இடது பக்கம், கியர்பாக்ஸின் முன்பக்கம் பார்க்க வேண்டும். திரும்பாமலே ஹப்பைத் தோளுக்கு மேல் தூக்கிக் காட்டினாள்.

"இப்படித்தானேப்பா?"

அவர் கண்ணாடியில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு அவர், "இல்லம்மா. கழுத்து இடது பக்கம் வரணும். திருப்பிப் போடு" என்றார்.

"இடது பக்கம்தான் இருக்குப்பா."

"எனக்குக் கண்ணு அவிஞ்சு போகல. திருப்பு."

வாழ்நாள் முழுக்க இயந்திரங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவர் அவர். முன்பக்கத்தை எப்போதும் இடது பக்கம் வரைவார். கழற்றும்போதும் அப்படியேதான் அடுக்கினார். அவர் தப்பாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. ஆனால் பளபளப்பு எதிரே கிடந்தது. சின்னு ஹப்பைத் தண்டில் ஏற்றினாள், சத்தம் கேட்கும்படி உருவினாள், மறுபடி அதே பக்கமாக ஏற்றினாள். மேலே பூட்டு வளையத்தை மாட்டினாள். அது டிக் என்று விழுந்தது.

"திருப்பிட்டேன்பா."

கண்ணாடியை அவர் பார்க்கவில்லை. கண் மூடியிருந்தது. "ம். இப்பதான் சரி" என்றார்.

அம்மா மடித்த துணிகளோடு ஹாலைக் கடந்து போனாள். அன்று மத்தியானத் தூக்கத்திலிருந்து அப்பா எழுந்திருக்கவில்லை. டீயோடு போன அம்மா மெஷினை அணைத்துவிட்டு வந்து, "சின்னு, கையைக் கழுவிட்டு வா" என்றாள். அந்தக் குரலிலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அதன்பிறகு வீடு அவர்கள் கையில் இல்லை. யார் யாரோ வந்தார்கள், நாற்காலிகள் வந்தன, அண்ணன் வெளியூரிலிருந்து கசங்கிய சட்டையோடு வந்து இறங்கினான். ஹாலில் இடம் வேண்டும் என்று இரண்டு பேர் மேசையைத் தூக்கப் போனபோது, மூலையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து நின்றாள்.

"அதை யாரும் தொடக் கூடாது. அவரை வேணா இந்தப் பக்கம் வைங்க."

மேசைக்குப் பக்கத்திலேயே அவரைக் கிடத்தினார்கள். அஞ்சலி செலுத்த வந்தவர்கள் கியர்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அப்பா இருந்திருந்தால் அவர்களுக்கு ஒவ்வொன்றாக விளக்கம் சொல்லி உயிரை எடுத்திருப்பார் என்று சின்னுவுக்குத் தோன்றியது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, அழுகைதான் ஜெயித்தது.

எடுத்துக்கொண்டு போய், எல்லாம் முடிந்து, சொந்தங்கள் கலைந்த பிறகு அவள் அண்ணனிடம் மட்டும் சொன்னாள். "கடைசியா அவர்கிட்ட பொய் சொல்லிட்டேண்ணா."

அண்ணன் முழுக் கதையும் கேட்டான். "அப்பா இந்த விஷயத்துல தப்பு பண்ண மாட்டாரு. அவர் சொன்னபடியே திருப்பிப் போட்டுடேன். அவர் மனசும் ஆறும்."

"தேய்மானம் வேற மாதிரி சொல்லுதேண்ணா."

"தேய்மானம் பெருசா, அப்பா பெருசா?"

திருப்பிப் போட்டால் அப்பாவின் கடைசிச் சொல் நிற்கும், அவர் ஆசைப்பட்ட கியர் நிற்காது. போடாவிட்டால் கியர் நிற்கும், பொய்யும் அப்படியே நிற்கும். பூட்டு வளையத்தைக் கழற்றும் இடுக்கியைக் கையில் எடுத்துக்கொண்டு, மேசைக்குப் போக மனமில்லாமல் அப்பாவின் அறைக்குள் போனாள். விரிப்பு எடுத்த கட்டிலில், அவர் கால் நீட்டியிருந்த திசையைப் பார்த்தே உட்கார்ந்தாள். எதிரே கண்ணாடி.

கண்ணாடிக்குள் ஹால் தெரிந்தது. மேசை நாற்காலியில் அவள் வேலை செய்தபோது உட்கார்ந்தது போலவே முதுகைக் காட்டி அம்மா உட்கார்ந்து, ஓரத்தில் கொஞ்சம் இடம் பண்ணிக்கொண்டு காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். இடது கையால் நறுக்கினாள்.

அம்மாவுக்கு இடது கைப் பழக்கம் கிடையாது.

சின்னு சட்டென்று திரும்பி வாசல் வழியாக நேராகப் பார்த்தாள். வலது கை. மறுபடி கண்ணாடியைப் பார்த்தாள். இடது கை. இடுக்கியை மடியில் போட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். அண்ணன் பதறிப்போய் ஓடிவந்தான்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் ஆகல. அப்பா சொன்னபடிதான் போட்டிருக்கேன். வா, வந்து பலகையைப் பிடி. வண்டிக்கு அடியில படுக்கிறது உன் வேலை."

அண்ணன் படுத்தான். சட்டை பாழானது. கியர்பாக்ஸ் ஏற மறுத்தது, இருவரும் அதைத் திட்டினார்கள், ஒருவரையொருவரும் திட்டிக்கொண்டார்கள். கடைசியில் அது ஒன்றுமே நடக்காதது போல வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. எண்ணெய் ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, சின்னு ஹாரனை அடித்தாள். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறினாள். யாரும் கூப்பிடவில்லை.

தெரு தாண்டியதும் மேடு. சின்னு இரண்டாவதில் வேகம் எடுத்து மூன்றாவதைத் தள்ளினாள். போனது. கம்பியிலிருந்து கையை எடுத்தாள். வண்டி இழுத்துக்கொண்டு ஏறியது. பேக்கரி தாண்டியது, பள்ளிக்கூடச் சுவர் தாண்டியது. கியர் இருந்த இடத்தில் இருந்தது.

அம்மா வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "அன்னிக்கு நீ அதைத் திருப்பல. நான் பாத்துட்டுத்தான் போனேன்."

சின்னுவுக்கு முகம் சுட்டது. "திருப்பலம்மா. ஆனா அப்பாவும் தப்பா சொல்லல. அவர் கேட்டது இடது பக்கம், நான் போட்டதும் இடது பக்கம். கண்ணாடியில அவருக்கு மாறித் தெரிஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

அம்மா யோசித்தாள். ஏதோ ஒன்றை மனத்துக்குள் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். விளங்கியதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனை நாளைக்கு அப்புறமோ வந்த சிரிப்பு, தோள் குலுங்கியது.

"ஊருக்கெல்லாம் வரைஞ்சு குடுத்த மனுஷனுக்கு இது தெரியல பாரு! இரு, வீட்டுக்குப் போனதும் முதல்ல அவர்கிட்ட சொல்லி…"

அம்மா வாயைப் பொத்தியிருந்த கையை மடியில் இறக்கினாள்.

மேடு முடிந்தது. வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்து வந்தது. சின்னு நாலாவது கியரைப் போட்டாள். அம்மா ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள், வண்டி நேராகப் போனது.