கென்யாவில் காலமானேன்

என் மரண அறிவித்தலில் என் வயதை இரண்டு கூட்டிப் போட்டிருந்தார்கள். என்னைச் சாகடித்ததைக்கூட மன்னிக்கலாம். ஐம்பத்தொன்று என்று போட்டதை மன்னிக்க முடியாது.

எல்லாம் சுஜீத்தால் வந்தது. பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதன், லண்டன் டூட்டிங்கில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் ரிச்மண்ட் பார்க்கில் சைக்கிள் ஓடுவோம். அங்கே மான்களைப் பார்த்து அலுத்துப்போய், "மச்சான், உண்மையான காட்டு மிருகங்களுக்குள்ள ஓடவேணுமடா" என்று அவன்தான் தொடங்கினான். கென்யாவில் சைக்கிளில் போகக்கூடிய வனப்பூங்கா ஒன்று இருக்கிறதாம். போனோம்.

வாசலில் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிப்போகச் சொன்னார்கள். சுஜீத் சிரித்தான். "வன்னிக் காட்டை இரவில நடந்து கடந்தவங்கள் நாங்கள். இவங்கள் எங்களுக்கு வழி காட்டுறதோ?" எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

காலைப்பொழுது அருமையாக இருந்தது. வரிக்குதிரைகள் பாதையைக் கடக்கும்வரை பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நின்றோம். ஒட்டகச்சிவிங்கி ஒன்று முள்மரத்துக்கு மேலால் எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பிறகு சைக்கிள்களைச் சாத்திவிட்டு, மலை இடுக்கு வழியே நடந்து இறங்கி ஏறினோம்.

திரும்பி வந்தால், சைக்கிள்களுக்குப் பக்கத்துப் புதரில் தனிக் காட்டெருமை ஒன்று தலையைத் தாழ்த்திக்கொண்டு நிற்கிறது. சுஜீத் கைக்கு எட்டிய சைக்கிளை இழுத்து ஏறி மிதித்தான். அது என்னுடைய சைக்கிள். என் பையும் போனும் அதில்தான் இருந்தன. நான் ஓடிப்போய்க் காய்ந்த ஓடை ஒன்றுக்குள் விழுந்தேன். கால் முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. தொண்டை கிழிய அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை. எருமை கரையில் நின்று என்னைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் போய்விட்டது.

பின்னேரம் காவலர்கள் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். காலுக்குப் பிளாஸ்டர் போட்டார்கள். மனைவி தவமலரின் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. இந்தக் காலத்தில் யாருக்கு இருக்கிறது? மறுநாள் தாதியின் போனில் என் பெயரைத் தேடினால், முதலில் வந்தது என் மரண அறிவித்தல். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், லண்டன் நோர்பரியை வதிவிடமாகவும் கொண்ட பாலேந்திரா கென்யாவில் காலமானார். எங்கள் சனத்துக்கு இந்த விஷயத்தில் மட்டும் எங்கிருந்துதான் இவ்வளவு சுறுசுறுப்பு வருகிறதோ! கீழே, தொடர்புகளுக்கு என்று தவமலரின் நம்பர். என் மனைவியின் நம்பரை என் சாவு அறிவித்தலில் இருந்து எடுத்தவன் நான்.

அழைத்தேன். அவளுடைய தம்பி றஜீவன் பேசினான்.

"நான் பாலேந்திரா கதைக்கிறன்."

"செத்த வீட்டிலயும் பகிடியோடா, நாயே?"

வைத்துவிட்டான். பிறகு அந்த நம்பருக்கு அழைப்பே போகவில்லை. ஹோட்டலில் இருந்த பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு, அடுத்த விமானத்தில் ஊன்றுகோலோடு ஏறினேன்.

நோர்பரி வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. முன்னறை நிறையச் சனம். மாலை போட்ட என் படம், அதன் முன்னால் விளக்கு. நடுவில் சுஜீத் இருந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தான்.

"நான் எருமையைக் கலைச்சுப்போட்டு ஓடிவந்து தூக்கினனான். என்ர மடியிலதான் கண்ணை மூடினவன்…"

என்னைக் கண்டதும் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. பெண்கள் அலறினார்கள். தவமலர் ஓடிவந்து என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, விம்மி விம்மி அழுதாள். எனக்கு அழ நேரமில்லை. அவனை எல்லோருக்கும் முன்னால் தோலுரிக்கவேண்டும் என்ற ஒரே வெறியில்தான் ஹீத்ரோவில் இருந்து வந்திருந்தேன்.

"எழும்படா. ஆரின்ர சைக்கிள்ல ஓடினனீ?"

"மச்சான்… எருமை உன்னை முட்டிப்போட்டுது எண்டு நினைச்சன்."

"திரும்பிப் பாத்தனியே?"

"இல்லை."

"மடியில கிடந்தனானே?"

"இல்லை மச்சான். உன்னை விட்டுட்டு ஓடிவந்தவன் எண்டு என்னெண்டு சொல்லுறது?"

கைகூப்பிக்கொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதான். அவன் மனைவி கௌசி கைப்பையை எடுத்துக்கொண்டு, அவனைப் பார்க்காமலே வெளியே போனாள். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இன்னும் அழட்டும் என்று நின்றேன்.

தவமலர் கண்ணைத் துடைத்தாள்.

"அப்ப, நீங்கள் கடைசியாச் சொன்னது?"

"நான் என்னத்தைச் சொன்னனான்?"

"'தவத்தை நான் ஒருநாளும் சந்தோஷமா வச்சிருக்கேல்லை, என்னை மன்னிக்கச் சொல்லு' எண்டு. ரெண்டு தரம் சொன்னனீங்களாம்."

சுஜீத் தலையை நிமிர்த்தாமல், "மச்சான், அதையாவது விடடா" என்றான்.

அவன் எனக்குப் புத்தி சொல்வதா? எனக்கு இன்னும் சூடு ஏறியது.

"நான் ஏன் உதைச் சொல்லப்போறன்? எனக்கென்ன விசரே? எல்லாம் இவன்ர புளுகு."

தவமலர் என் கையை விட்டாள்.

"மன்னிப்புக் கேட்டுச் செத்த அந்த மனிசனோட ரெண்டு நாள் நல்லா இருந்தனான்" என்றாள்.

போய் என் படத்துக்கு முன்னால் இருந்து மறுபடி அழத் தொடங்கினாள். வந்திருந்த பெண்கள் அவளைச் சுற்றி இருந்துகொண்டார்கள். எனக்கு ஒரு கதிரை எடுத்துப் போட யாருக்கும் தோன்றவில்லை.