முந்நூற்றுப் பன்னிரண்டு படிகளும் என் இடது தோளும்

சுவர் விழுகிறது, என் இடது தோள் பட்டதும் விழுகிறது, முதலில் ஒரு பெருமூச்சு மாதிரி, பிறகு கதவளவு மண்பூச்சு மொத்தமாகப் பெயர்ந்து, உள்ளேயிருக்கும் மூங்கில் பிளாச்சுகள் விலா எலும்பாகத் தெரிய, அந்தப் புழுதிக்குள் கழுத்தில் அட்டை தொங்கும் இரண்டு அதிகாரிகள், தெருவை அளக்க வந்தவர்கள், இருமிக்கொண்டே எதையோ எழுதுகிறார்கள், நான் ஒன்றும் செய்யவில்லை, சினிமாக் கதாநாயகன் போல ஒயிலாகச் சாய்ந்தேன், அவ்வளவுதான், ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள், அன்று இரண்டும் ஒரே நேரத்தில் புகுந்திருந்தன, ஆமை நான்.

மருத்துவம் படிக்கக் கோவில்பட்டியிலிருந்து சீனாவின் சோங்கிங் நகரத்துக்குப் போனவன், மேடென்றால் வேகத்தடை என்று மட்டும் அறிந்தவன், ஆற்றங்கரையிலிருந்து மேல் நகரம் வரை மலைச்சரிவில் ஏறும் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு படித் தெருவில் மாடியறை எடுத்து எட்டு மாதம் இருந்தேன், வீட்டுக்கார அம்மாள் பெயர் லியாவ், தெருவே அவரை ஞாங்ஞாங் என்று கூப்பிடும், நாம் அத்தை சித்தி என்று பிரித்துப் படுகிற பாடெல்லாம் அங்கே அந்த ஒரு சொல்லில் தீர்ந்துவிடும், காலையில் அவர் தரும் மிளகாய் நூடுல்ஸுக்கு நான் இன்னும் காரம் கேட்ட அன்று சொந்தக்காரன் ஆனேன், பதினேழாம் படியில் சுவரில் ஆணியடித்துக் கண்ணாடி மாட்டியிருந்த நாவிதர் பெங், என் தாடையில் கத்தியை வைத்துக்கொண்டுதான் சரித்திரம் சொல்வார், கத்திக்குப் பயந்து நானும் கேட்பேன், இந்தப் படிகள் ஒரு காலத்தில் காய்ந்ததே இல்லையடா, ஆற்றுத் தண்ணீரைத் தோளில் சுமந்து ஏறுவார்கள், வாளி தளும்பிக்கொண்டே இருக்கும், யுத்தத்தில் குண்டு விழுந்து பாதித் தெரு எரிந்தது, எரிந்த இடத்தில் மூங்கிலும் மண்ணும் வைத்து எழுப்பியதுதான் ஞாங்ஞாங் வீடு.

அந்த வீட்டில்தான் சாய்ந்தேன், ஒரு வாரத்தில் தெரு முழுக்கச் சுவர்களில் இடிக்க என்ற எழுத்து, சிவப்பு வட்டத்துக்குள், பெங் சொல்கிறார், ஜப்பான்காரன் விமானத்தில் வந்தும் முடிக்காததை ஒரே தோளில் முடித்துவிட்டாயேடா இந்தியா, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், நம்பியும்விட்டேன், பதினொரு வருஷம் நம்பினேன், ஊரில் எலும்பு மருத்துவனான பிறகும் யாராவது சுவரில் சாய்ந்தால் நர்ஸுக்கு முன்னால் நான் கத்துவேன், கனவில் என் ஆஸ்பத்திரிச் சுவரே பெருமூச்சு விடும்.

இப்போது படிகள் எனக்குக் கீழே இறங்குகின்றன, ஒரு கருத்தரங்கைச் சாக்காக வைத்துத் திரும்ப சோங்கிங் வந்திருக்கிறேன், அதே எண்ணிக்கை, எண்ணிப் பார்த்தேன், கல்லெல்லாம் எடுத்துத் திரும்பப் பதித்தது, பழைய மாதிரி புது வீடுகள், சிவப்பு விளக்குகள், வாடகைப் பட்டாடையில் பெண்கள் படமெடுத்துக்கொள்கிறார்கள், பெங்குக்கும் ஒரு கடை கொடுத்திருக்கிறார்கள், என்னைப் பார்த்ததும் வாடா இந்தியா, நன்றாகச் சாய், உள்ளே கான்கிரீட், என்கிறார், ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஞாங்ஞாங் தினமும் ரயிலேறி வந்து டீக்கடையில் பெங்கோடு மாஜோங் கட்டை ஆடுகிறார், கடலைமிட்டாய்ப் பெட்டியை நீட்டிக் கேட்டேன், ஞாங்ஞாங், அன்று நான் சாய்ந்ததால்தானா தெருவை இடித்தார்கள், அவர் சாப்பிட்டாயா என்றார், மறுநாளும் கேட்டேன், நீ ஊதிவிட்டாய், அன்று இந்த உடம்போடு சாய்ந்திருந்தால் மலையே போயிருக்கும் என்றார், எதிரே பெங் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், நான் மட்டும் அந்த எட்டு மாதம் குடியிருந்த பையனாகத் தலைகுனிந்து நின்றேன்.

மூன்றாம் நாள், நான் ஊர் திரும்பும் நாள், ஒரு வெள்ளைக்காரருக்கு மொட்டையடிக்கப் பெங் எழுந்து போனார், ஞாங்ஞாங் அவர் முதுகு மறையும்வரை பார்த்துவிட்டு, கட்டைகளைக் கவிழ்த்து வைத்து, என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார், கேளடா, நீ சாய்வதற்கு மூன்று மாதம் முன்பே, இடிக்கலாம் என்ற சம்மதக் கையெழுத்தை முதலில் போட்டவள் நான், வீடு வீடாகப் போய்ப் போடவைத்தவளும் நான், பெங் கடைசிவரை போடமாட்டேன் என்றவன், தெரிந்தால் என்னோடு உட்காரமாட்டான், முப்பத்தொரு வருஷம், விடிந்ததும் மலச்சட்டியைத் தூக்கிக்கொண்டு பொதுக் கக்கூஸுக்கு அறுபத்துநாலு படி இறங்கி ஏறினேன், தூறலில் வழுக்கி அதோடு உருண்டும் இருக்கிறேன், இன்றைக்கு என் வீட்டுக்குள் தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ் இருக்கிறது, ஜன்னலில் ஆறு தெரிகிறது, அங்கே உட்கார்ந்துதான் இந்தத் தெருவை நினைத்து அழுகிறேன், அழுதாலும் திரும்ப இங்கே குடிவரமாட்டேன், நீ எட்டு மாதம் இருந்தாய், அழகு அழகு என்றாய், அதில் தப்பில்லை, ஆனால் தெருவை இடித்தது நீ இல்லை, நான்.