சூரை மீனோடு திரும்பிய ஏழாம் எண்

கடலில் கண்ணிவெடி போடப் போன ஏழாம் எண் கப்பல், முதல் நாளே வயிறு நிறையச் சூரை மீனோடு திரும்பியது. தள்ளிவிட்ட வெடிகள் அத்தனையும் பின்தளத்துத் தண்டவாளத்தில் பழையபடி ஈரமாக உட்கார்ந்திருந்தன. தோசா கரையில் அன்று சூரை விலை சரிந்தது. ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

கப்பல் என்பது கடற்படை கொடுத்த மரியாதைப் பெயர். போர் முற்றிக் கப்பல்கள் தீர்ந்துபோனதும், மீன்பிடிப் படகின் வரைபடத்தையே எடுத்து, மீன் அறையை அடித்து வெடி அறை என்று எழுதி, பின்னால் தண்டவாளமும் வரைந்து அனுப்பியிருந்தார்கள். கட்டியவன் தச்சன் யசுகே. வரைபடத்தில் படகைக் கண்டதும் அவன் கை, மீன் படகுக்கு உயிர் வைக்கும் பழக்கத்துக்குப் போய்விட்டது. பாய்மர அடியில் குழி வெட்டி, தாயக்கட்டையும் காகிதப் பொம்மைகளும் மனைவியின் கூந்தலில் ஒரு கற்றையும் வைத்து மூடி, "நிறைய அள்ளிட்டு வா தாயி" என்று சொல்லியும் விட்டான். படகுக்கு உயிர் வந்துவிட்டது. போதாததற்கு மனைவியின் பெயர் தொமே. 'போதும், நிறுத்து' என்று பொருள். வரிசையாகப் பெண் பிறந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்கு வைப்பது.

பதக்கங்களின் கனத்தில் குனிய முடியாதவரான தளபதி ஷிராகவா, மூன்று வாரம் சூரை தின்ற பிறகு விஷயத்தைக் கண்டுபிடித்தார். முடிக்கு உரியவள் எடுத்தால்தான் படகின் உயிர் போகும்; அதனால் தொமேயே தன் கையால் எடுக்க வேண்டும் என்றார். இல்லாவிட்டால் நாளை மாலை யசுகே ராணுவப் போலீசிடம் போவான். அங்கே போனவர்கள் நடந்து திரும்பியதில்லை. ஆனால் வளைகுடா வாயில் வெடி விழுந்துவிட்டால் ஒரு படகும் வெளியே போக முடியாது, ஊரில் உலை ஏறாது. தொமேவுக்கு இரண்டும் தெரியும்.

"எடுக்க மாட்டேங்க. உசிரை எடுத்துட்டா அது பொணம். பொணத்து மேல ஏறியா சண்டைக்குப் போவீங்க?"

"இது சக்கரவர்த்தியின் போர்க்கப்பல்!"

"அப்படீங்களா? பாத்தா எங்க மாமனார் படகாட்டம் இருக்குது."

யசுகே பல்லைக் கடித்தான். "அடியே, ஒரு கத்தை முடிக்கா என்னைத் தொலைக்கப் பாக்குறே?"

"வச்சது நீ. இப்ப நடுங்கினா எப்படி?"

மறுநாள் தளபதி தாமே வெடிகளைத் தள்ளப் போனார். அவை திரும்பி வந்தன. வாளை உருவிப் பாய்மரத்தை வெட்டினார். படகு லேசாகச் சாய்ந்தது, வாள் கடலில் விழுந்தது. படகு சாயச் சாய, தொடர்ந்து தொப்பி, பூட்ஸ், பதக்கங்களோடு சட்டை, கால்சட்டை. அவற்றில் ஒன்றும் திரும்பவில்லை. மாலையில் படகு சூரையையும் கோவணம் கட்டிய ஓர் ஆளையும் கரையில் இறக்கியது.

யசுகேவைப் பிடிக்கப் போலீசார் காத்திருந்தார்கள். தளபதியின் வாய் உத்தரவு ஒன்றுதான் பாக்கி.

"நான்தான் தளபதி! கைது செய்!"

"அப்ப நான் அட்மிரல். போய் மீனைத் தூக்குடா" என்றான் ஒரு போலீஸ்காரன்.

தொமே கூடையை நீட்டினாள். "நல்லாக் குனிங்க. இப்பத்தான் குனிய வருதே."

அவர் குனிந்தார். உத்தரவு கிடைக்காத போலீசார் ஆளுக்கு ஒரு சூரையோடு போய்விட்டார்கள். போர் முடிந்ததைப் படகுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குத் தேவைப்படவும் இல்லை. தண்டவாளத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கும் வெடிகளை அகற்றச் சொல்லித் துறைமுக அலுவலகம் ஆண்டுதோறும் ஆள் அனுப்பும். வந்தவர்கள் அவற்றின் மேல் காயும் கணவாய் மீனைப் புரட்டிப் போட்டுவிட்டுப் போவார்கள். வெயிலில் அந்த இரும்பு நன்றாகச் சூடேறும்.