பனிக்குக் காத்த கேரட்

ஏலகிரியில் விழுந்த உறைபனியில் செருப்பு ஒட்டிக்கொண்டதாகவும், கடப்பாரை போட்டு நெம்பித்தான் அதை எடுத்ததாகவும் ஞானப்பிரகாசம் ஆம்பூர் முழுக்கச் சொல்லி முடித்திருந்தார். அந்தப் பனி பட்ட கேரட்டின் இனிப்புக்கு வாணியம்பாடி எறும்பெல்லாம் மலையேறி வந்ததாம். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் மனைவி சவுரியம்மாள் மட்டும் சிரிக்காமல், "பனியும் வுழல, ஒண்ணும் வுழல" என்றாள்.

ஷூ கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த மலையில் ஒரு துண்டு நிலம் வாங்கியிருந்தார். கிறிஸ்துமஸுக்கு விளையட்டும் என்று கணக்காகச் செப்டம்பரில் கேரட் விதைத்தார். விளைந்தும் விட்டது. மூன்று வருடமாக ஊருக்கு வராத மகள் பிரிசில்லா அந்தக் கிறிஸ்துமஸுக்குத் துபாயிலிருந்து குழந்தையோடு வந்தாள். பேத்தி ஆசையாய் ஒரு கேரட்டைப் பிடித்து இழுத்தபோது, அவர்தான் அவள் கையை விலக்கினார். "பனி பட்டாத்தான் இனிக்கும் கண்ணு. இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்."

ஒரு கேரட்டும் தின்னாமலே ஜனவரி இரண்டாம் தேதி அவர்கள் விமானம் ஏறினார்கள். ஏழாம் தேதி விடிந்தபோது பாத்தியில் இலைகள் பனி படிந்து வெளுத்திருந்தன. சவுரியம்மாளும் பக்கத்தில் நின்று பார்த்தாள். அன்றிலிருந்துதான் பனியே விழவில்லை என்று சாதிக்கிறாள். ஏன் என்று அவருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பிரிசில்லா போன் செய்தாள். "இன்னாப்பா, ஊரெல்லாம் பனிக்கதை வுட்டுனு இருக்கியாமே?"

அவருக்குக் கதை வரவில்லை. "லேசா வெள்ளையா இருந்துச்சிமா, அவ்ளோதான். பாப்பாவ அன்னிக்கே புடுங்க வுட்டிருக்கணும்."

"அந்த லேசாவும் ரீல்தானே?"

சவுரியம்மாள் போனை வாங்கிக்கொண்டாள்.

"இல்லமா. வுழுந்துச்சி. நானும் பாத்தேன்."